மயக்க டாக்டரம்மாவுக்கு அஞ்சு ஸ்டார், அவிய எழுதுனத படிக்காத வார்டுக்கு ரெண்டு

எங்க அண்ணனுக்கு பித்தப்பை கல் ஆபரேஷன் இங்கதான் பண்ணோம், நல்லபடியா முடிஞ்சு இப்ப வீரவநல்லூர்ல கடையில உக்காந்து யாவாரம் பாத்துட்டு இருக்காவ. ஆனா இந்த ரிவ்யூ ஆபரேஷனப் பத்தி இல்ல, சர்ஜனப் பத்தி ஏற்கனவே நெறைய பேரு நல்லவிதமா எழுதியிருக்காவ, அதுல நான் சேக்க ஒண்ணும் கெடையாது. நான் எழுத வந்தது ஆபரேஷனுக்கு முன்னால மயக்க டாக்டர் பாக்குற செக்கப்பப் பத்தியும், வெறும் வயிறா வாங்கன்னு சொல்லி கவுண்டர்ல குடுக்குற அந்த ஒத்தத் தாள் சீட்டப் பத்தியும். வெயிட்டு கொறைய வாரத்துக்கு ஒருக்கா ஊசி போடுற ஆளுங்க இப்ப நம்ம பக்கமும் பெருகிப் போச்சு, அவிய வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் எண்டாஸ்கோப்பின்னு தேதி குறிச்சிருந்தா முழுசா படிங்க. மத்தவிய நேரா கடைசிக்கு போயிருங்க, பார்க்கிங் கேன்டீன் சங்கதி அங்ஙன இருக்கு.

அண்ணனுக்கு சுகர் உண்டு, பிரஷர் உண்டு, 104 கிலோ இருந்தாவ. சுகர் டாக்டர் டிர்செபடைடு ஊசி எழுதிக் குடுத்தாவ, 2025 மார்ச்ல மௌஞ்சாரோன்னு இந்தியாவுக்கு வந்துச்சே அந்த மருந்து. பைய பைய டோஸ ஏத்தி, ஆபரேஷன் சமயத்துல 5 மில்லிகிராம்ல இருந்து 7.5க்கு மாத்தி ரொம்ப நாள் ஆவல. எடை 92க்கு எறங்கிருச்சு, அதுல சந்தோசம்தான், ஆனா சாப்பாட்ட பாதியில தள்ளி வச்சிருவாவ, ராத்திரி சாப்பிட்டது மறுநா காலையில ஏப்பத்துல வரும். "ஏட்டி, நேத்து வச்ச புளிக்குழம்பு இன்னும் உள்ளயே கெடக்குட்டி"ம்பாவ. நாங்க கேலி பேசிட்டு விட்டுருவோம்.

அப்பறம் வலது பக்கம் விலாவுக்கு கீழ வலி வந்து, ஸ்கேன் எடுத்தா கல்லு. ஊசியாலதான் வந்துச்சான்னு சர்ஜன்கிட்ட கேட்டோம். எடை வெரசா எறங்குனா பித்தப்பையில கல்லு சேருறது உண்டு, இந்த வகை மருந்தோட விவரத் தாள்லயும் பித்தப்பை பிரச்சினைன்னு போட்டிருக்கு, ஆனா ஒங்களுக்கு அதுக்கு முன்னாலயே இருந்துச்சா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாதுன்னு நேர்மையா சொன்னாவ. சரின்னு தேதி வாங்கிட்டோம்.

இனிதான் விசயம். கவுண்டர்ல ஒரு ஃபார்ம் குடுக்காவ. அதுல 'தற்போது சாப்பிடும் மாத்திரைகள்'னு ஒரு கட்டம், 'இன்சுலின் உண்டு / இல்லை'ன்னு ஒரு கட்டம், அவ்வளவுதான். அண்ணன் சுகருக்கு சாப்பிடுற மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின், பிரஷருக்கு சாப்பிடுற டெல்மிசார்ட்டான் மூணையும் எழுத்து பிசகாம எழுதுனாவ, இன்சுலின் இல்லைன்னு டிக் போட்டாவ. வாரத்துக்கு ஒரு ஊசின்னு எழுத அந்தத் தாள்ல எடமே இல்ல, கேள்வியும் இல்ல. கேக்காததுக்கு யாரு போயி பதில் எழுதுவா. இத நான் மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன், இங்கயும் எழுதுதேன், அந்த ஃபார்ம மாத்துங்க, ஒரே ஒரு வரி சேத்தா போதும்.

நல்ல வேளையா மயக்க டாக்டரம்மா ஃபார்ம மட்டும் நம்புற ஆளு இல்ல. அண்ணன் வயித்துப் பக்கம் சட்டை லூசா தொங்குறத பாத்தாவளோ என்னவோ, மொதக் கேள்வியே "அண்ணாச்சி, சமீபத்துல நெறைய எடை கொறஞ்சிருக்கியளோ? வாரத்துக்கு ஒருக்கா ஊசி ஏதும் போடுதியளா?"

"போடுதேன்மா. அது வெயிட்டுக்குள்ளது, சீக்குக்குள்ளது இல்லலா."

"எனக்கு அதுதான் அண்ணாச்சி முக்கியம்."

அதுக்கப்பறம் வரிசையா கேட்டாவ. கடைசியா எந்த கெழமை போட்டிய, எவ்வளவு டோஸு, டோஸ ஏத்தி எத்தன வாரம் ஆச்சு, குமட்டல் உண்டா, வயிறு உப்புசம், மலச்சிக்கல், பழைய சாப்பாடு ஏப்பத்துல வருதா. புளிக்குழம்பு கதைய நானே எடுத்து விட்டேன். அவிய சிரிக்கல, எழுதிக்கிட்டாவ.

நான் பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ பிள்ளையளுக்கு விலங்கியல் எடுக்கேன், அதனால நானும் கொஞ்சம் நோண்டி நோண்டி கேட்டேன், அவியளும் முகம் சுளிக்காம சொன்னாவ, இந்த ஒரு விசயத்துக்கே ஸ்டார் குடுக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னால பட்டினி கெடக்கச் சொல்லுற கணக்கு என்னன்னா, தண்ணி, இளநி, பாலில்லாத காப்பி மாதிரி தெளிஞ்சதுக்கு 2 மணி நேரம், இட்லி மாதிரி லேசான சாப்பாடு, பால் இதுக்கு 6 மணி நேரம், எண்ணெய் பலகாரம் கறி மீனுக்கு 8 மணி நேரமோ அதுக்கு மேலயோ. இந்தக் கணக்கு எல்லாமே இரைப்பை அதோட வழக்கமான வேகத்துல வேல செய்யும்னு நம்பிப் போட்டது. இந்த ஊசியோ இரைப்பைய மந்தமாக்கும், அதனாலதான் பசியே எடுக்க மாட்டேங்கு, எடையும் எறங்குது. அப்ப கடிகாரத்த பாத்து எட்டு மணி நேரம் ஆச்சு வயிறு காலின்னு சொல்ல முடியாம போயிருது.

காலியா இல்லாட்டி என்னன்னு கேப்பிய. மயக்கம் குடுத்ததும் இருமல், முழுங்குறது, தொண்டைய மூடிக்கிடுற அந்தக் காவல் எல்லாம் போயிரும், வயித்துல கெடக்குறது மேல வந்து மூச்சுக்குழல் வழியா நுரையீரலுக்குள்ள எறங்கிருச்சுன்னா அமிலமும் சோறுமா சேந்து பெரிய ஆபத்து. 1946லயே அமெரிக்காவுல மெண்டல்சன்னு ஒரு டாக்டர் பிரசவத்துக்கு மயக்கம் குடுத்த பொம்பளையள்ட்ட இத பாத்து எழுதி வச்சிருக்காவ, ஆபரேஷனுக்கு முன்னால சாப்பிடாதன்னு டாக்டர்மாரு இத்தன கண்டிப்பா இருக்கது இதுக்காவத்தான். இத எல்லாம் வெளிய உக்காந்திருந்த ஒரு பெரியவருட்ட சொன்னேன், "வயித்துல கத்தி வைக்கப் போறாவ அதனால சும்மா இருக்கச் சொல்லுதாவன்னுலா நெனச்சேன்"னாவ. முக்காவாசிப் பேரு அப்படித்தான் நெனச்சிட்டு இருக்காவ.

எங்க மருமவன், அண்ணன் மவன், மெட்ராஸ்ல ஐடில இருக்கான், அவன் ஃபோன்ல தேடிப் பாத்துட்டு "அத்த, ஒரு வாரம் ஊசிய நிறுத்துனா போதுமாம், அமெரிக்க மயக்க மருத்துவ சங்கமே சொல்லியிருக்கு"ன்னு அனுப்பியிருந்தான். அத டாக்டரம்மாட்ட காட்டுனேன். அது 2023 ஜூன்ல சொன்னது, வாராந்திர ஊசின்னா ஒரு வாரம் முன்னால நிறுத்துங்க, தெனசரி மாத்திரைன்னா அன்னிக்கு மட்டும் நிறுத்துங்கன்னு. 2024 அக்டோபர்ல அவியளும் குடல் டாக்டர்மாரு, எடை குறைப்பு சர்ஜன்மாரு சங்கங்களும் சேந்து வேற மாதிரி சொல்லிட்டாவ, முக்காவாசிப் பேரு ஊசிய நிறுத்தவே வேண்டாம், ஆளப் பாத்து முடிவெடுங்கன்னு. டோஸ் ஏத்திக்கிட்டு இருக்க கட்டம், கூடுதல் டோஸு, குமட்டல் வாந்தி உப்புசம் இருக்கவிய, சுகரால ஏற்கனவே இரைப்பை மந்தமானவிய, இவியளுக்குத்தான் ஆபத்து கூட. பல மாசமா ஒரே டோஸ்ல தொந்தரவு இல்லாம ஓடிக்கிட்டு இருந்தா உடம்பு பழகி அந்த மந்தமும் கொஞ்சம் கொறஞ்சிரும்னாவ.

ஒரு வாரம் நிறுத்துனா மருந்து போயிரும்னு நெனைக்கதும் தப்புக் கணக்குதான். டிர்செபடைடு உடம்புல பாதியா கொறையவே 5 நாள் ஆவும், ஓசெம்பிக், வீகோவில இருக்க செமாகுளூடைடுக்கு ஏறக்கொறைய ஒரு வாரம். அப்ப கடைசி ஊசி போட்டு பத்து நாள் கழிச்சும் அண்ணன் உடம்புல கால் பங்கு கெடக்கும். நிறுத்துனா சுகர் ஏறும், அதுக்கும் ஆபரேஷன்ல கெடுதல் உண்டு. அதனால ரெண்டையும் தராசுல வைக்கணும்னு சொல்லிட்டு, எங்க முன்னாலயே சுகர் டாக்டருக்கு ஃபோன் போட்டு பேசுனாவ. இத நான் வேற எங்கயும் பாத்ததில்ல. வழக்கமா 'அவர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க'ன்னு நம்மளத்தான அலைய விடுவாவ.

பேசி முடிச்சு ஃபைல்ல நீல மைல எழுதுனது இது. அடுத்த ஊசி வேண்டாம், ஏன்னா இவியளுக்கு டோஸ் ஏத்துன கட்டம், தொந்தரவும் இருக்கு. டபாகிளிஃப்ளோசின் 3 நாள் முன்னாலயே நிறுத்திரணும், பட்டினியோட அது சேந்தா சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறிரும். ஆபரேஷனுக்கு முந்துன நாள் முழுக்க தண்ணி ஆகாரம் மட்டும்தான், சோறு இட்லி ஒண்ணும் கூடாது. வடிகட்டுன ரசத் தெளிவு, இளநி, சக்கை இல்லாத ஜூஸு, கருப்பு காப்பி. வீட்டுலயே சுகர் பாத்துக்கிடணும், 70க்கு கீழ போனா சீனித்தண்ணி குடிச்சிட்டு ஃபோன் பண்ணணும். ஆபரேஷன் அன்னிக்கு காலையில வயித்த ஸ்கேன் பண்ணி பாத்துட்டுத்தான் மயக்கம். தெளிவா, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாவ. அவிய எழுதுனபடியே வார்டும் நடந்திருந்தா இந்த ரிவ்யூ அஞ்சு ஸ்டாரோட முடிஞ்சிருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்துன நாள் சாயந்திரம் வார்டுல இருந்து ஃபோன். மதினிதான் எடுத்தாவ. "ராத்திரி ஒம்பது மணிக்குள்ள ரெண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்க, பன்னெண்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி கூட குடிக்கக் கூடாது." மதினி கேட்டாவ, டாக்டரம்மா தண்ணி ஆகாரம்தான எழுதியிருக்காவன்னு. அதுக்கு வந்த பதிலு, "டாக்டர் சொல்லித்தான் கூப்பிடுதோம் மேடம்." எந்த டாக்டருன்னு மதினி கேக்க முன்ன வச்சிட்டாவ. பகல் பூரா ரசத்தண்ணியில கெடந்த மனுசனுக்கு இட்லின்னா வேற என்ன செய்வாவ, ரெண்டு சாப்பிட்டாவ, அதுவும் கெட்டிச் சட்னி கூட வேண்டாம்னு சீனி தொட்டு. அந்த ஃபோன்ல ரெண்டு தப்பு. ஒண்ணு இட்லி. இன்னொண்ணு அந்தப் பன்னெண்டு மணி, தெளிஞ்ச தண்ணி 2 மணி நேரம் முன்ன வரைக்கும் குடிக்கலாம்னு டாக்டரம்மாவே சொல்லியிருந்தாவ. சுகர்காரர அத்தன நேரம் சொட்டுத் தண்ணி இல்லாம போட்டா என்ன ஆவும். எல்லாருக்கும் ஒரே வசனத்த வாசிக்காவ, ஃபைலத் தொறந்து பாத்த மாதிரியே இல்ல.

வெள்ளன வந்து அட்மிட் ஆனோம். எட்டு மணிக்கு டாக்டரம்மா கையடக்க ஸ்கேன் மெசினோட வந்தாவ, பக்கத்துல நிக்கலாமான்னு கேட்டேன், "டீச்சர்லா, நில்லுங்க"ன்னாவ. ஜெல்ல தடவி நெஞ்செலும்பு முடியுற எடத்துக்கு கீழ வச்சு அழுத்துனாவ. ஈரல் ஓரம் தெரிஞ்சுது, அதுக்கு அடுத்தாப்ல வட்டமா ஒண்ணு, அதுதான் இரைப்பையோட கடைசிப் பகுதி, சிறுகுடல்ல தெறக்குறதுக்கு முன்ன உள்ளது. காலியா இருந்தா ஒட்டிப்போயி சின்ன வளையமா தெரியும், வெறும் தண்ணின்னா கருப்பா தெரியும்னு சொல்லிக்கிட்டே நவுத்துனாவ. அண்ணனுக்கு தெரிஞ்சது ரெண்டும் இல்ல, வட்டம் பெருசா உப்பி உள்ள வெள்ளையா மங்கலா, பனி புடிச்ச கண்ணாடி கணக்கா. வலப்பக்கமா ஒருக்களிச்சு படுக்கச் சொல்லி மறுபடி வச்சாவ, உள்ள இருக்கது அந்தப் பக்கம்தான் எறங்கி நிக்குமாம். அதுல இன்னும் தெளிவா தெரிஞ்சுது.

"அண்ணாச்சி, ராத்திரி என்ன சாப்பிட்டிய?"

"ரெண்டு இட்லிம்மா. வார்டுல இருந்து ஃபோன் போட்டு சொன்னாவளே."

டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல, ஃபைலப் பெரட்டி அவிய எழுதுன பக்கத்த எடுத்து நர்ஸ்கிட்ட நீட்டுனாவ. ராத்திரி ஒம்பதுக்கு சாப்பிட்ட இட்லி, காலையில எட்டுக்கு, பதினோரு மணி நேரம் ஆவியும் உள்ளயே கெடக்கு. சீட்டுல உள்ள கணக்குப்படி ஆறு மணி நேரம் போதும். ஸ்கேன் பாக்காம அந்த சீட்ட மட்டும் நம்பி உள்ள கொண்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே இப்பவும் கையி கூசுது.

அவிய எங்கள உக்கார வச்சு ரெண்டு வழிய சொன்னாவ. குடல்வால் வெடிச்ச கேஸ் மாதிரி அவசரம்னா, வயிறு நெறஞ்ச ஆளுன்னு வச்சுக்கிட்டே பண்ணுவோம், மொதல்ல நல்லா ஆக்சிஜன் குடுத்து, மருந்து போட்ட கையோட வெரசா தொண்டையில டியூப எறக்கிருவோம், உறிஞ்சுற மெசின் பக்கத்துலயே ஓடிட்டு இருக்கும், அதுலயும் ஆபத்து முழுசா போவாது. இவியளுக்கு வலி அடங்கி இருக்கு, காய்ச்சல் இல்ல, ஒரு நாள் தள்ளுனா கெட்டுப் போவாது. அதுவும் இது லேப்ராஸ்கோப்பி, சின்ன ஓட்டை போட்டு கேமரா வச்சு பண்ணுற ஆபரேஷன், வயித்துக்குள்ள காத்து ஏத்துவாவ, அந்த அழுத்தம் வேற கீழ இருந்து தள்ளும். தள்ளிப் போடுவோம்னாவ. சர்ஜனுக்கு லிஸ்ட் கலைஞ்சு போச்சேன்னு மொகம் ஒரு மாதிரி ஆச்சு, ஆனா டாக்டரம்மா அசரல. இந்த மாதிரி நேரத்துல விட்டுக்குடுக்காத மயக்க டாக்டர் கெடைக்கது பாக்கியம்தான்.

அன்னிக்கு பகல் பூரா வார்டுலயே தண்ணி ஆகாரம். திருநெல்வேலி டவுன்ல இருந்து பாக்க வந்த சொந்தக்காரவிய சும்மா வருவாவளா, அரைக் கிலோ அல்வாவோட வந்தாவ, வாழைலையில சூடு கூட ஆறல. அண்ணன் டாக்டரம்மாட்டயே கேட்டுட்டாவ, "அல்வா வழுக்கிட்டுலாம்மா போவும், அது தண்ணி மாதிரிதான?" "நெய் அண்ணாச்சி. வயித்த விட்டு கடைசியா கெளம்புறதே அதுதான்." வார்டே சிரிச்சுது. அல்வாவ நானும் மதினியும் நைட் டூட்டி நர்சுங்களும் பாத்துக்கிட்டோம்.

மறுநா காலையில திரும்ப ஸ்கேன். இந்த வாட்டி கருப்பா கொஞ்சூண்டு தண்ணி மட்டும். அதையும் அளந்தாவ, ஒரு கிலோ எடைக்கு 1.5 மில்லி வரைக்கும் இருக்கலாமாம், 92 கிலோவுக்கு 138 மில்லி, அண்ணனுக்கு அதுக்கு ரொம்ப கீழதான் இருந்துச்சு. அப்பறம் உள்ள கொண்டு போனாவ, ஒரு தொந்தரவும் இல்ல. ஊசிய எப்ப திரும்ப ஆரம்பிக்கன்னு கேட்டதுக்கு, குமட்டல் இல்லாம ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்ச பொறவு சுகர் டாக்டர பாத்து போடுங்க, இடையில விட்டதால எந்த டோஸ்ல ஆரம்பிக்கணும்னும் அவியதான் சொல்லணும்னாவ.

பில்லிங் பத்தி சொல்லியே ஆவணும். தள்ளிப் போன நாளுக்கு ரூம் வாடகை, நர்சிங் சார்ஜு எல்லாம் போட்டிருந்தாவ. ஒங்க வார்டு ஃபோன் பண்ணி சாப்பிடச் சொன்னதுக்கு நாங்க எதுக்கு குடுக்கணும்னு நின்னேன். மொதல்ல "பேஷண்ட் சாப்பிட்டதால போஸ்ட்போன்"னு ஃபைல்ல எழுதியிருக்குன்னு காட்டுனாவ. மதினி ஃபோன எடுத்து கால் வந்த நேரத்த காட்டுனாவ, நான் டாக்டரம்மா எழுதுன பக்கத்த காட்டுனேன். மேனேஜர் வந்து பாத்துட்டு பாதிய கழிச்சாவ. பாதிதான். மீதிய எதுக்கு வாங்குனாவன்னு இன்னும் யாரும் சொல்லல, இத படிக்க நிர்வாகம் பதில் போட்டா நல்லது.

இங்க வரப் போறவிய: மௌஞ்சாரோ, ஓசெம்பிக், வீகோவி எது போட்டாலும், ரைபெல்சஸ்னு மாத்திரையா முழுங்குனாலும், ஃபார்ம்ல எடம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க, மயக்க டாக்டர்ட்ட வாயாலயும் சொல்லுங்க. எண்டாஸ்கோப்பிக்கு தூங்க வைக்கிற ஊசி போட்டாலும் இதே கததான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 நவம்பர்லயே இந்த மருந்துகளோட விவரத் தாள்ல முழு மயக்கம், ஆழமான தூக்கம் ரெண்டுக்கும் சேத்து இந்த எச்சரிக்கைய போட வச்சிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு வெயிட்டு ஊசிய மறைக்கவிய இருக்காவ, வீட்டு ஆளுங்களுக்கே தெரியாம போடுற ஆளையும் நான் கேள்விப்பட்டிருக்கேன். மயக்க டாக்டர்ட்ட மறைக்காதிய. ஆனா நீங்களா நிறுத்தவும் செய்யாதிய, அவியளும் சுகர் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். வார்டுல இருந்து ஃபோன் வந்து வேற மாதிரி சொன்னா, ஃபைல்ல உள்ளத வாசிச்சு காட்டி, மயக்க டாக்டர்ட்ட கேட்டுட்டு திரும்ப கூப்பிடுங்கன்னு சொல்லுங்க.

இனி மத்த சங்கதி. செக்கப்புக்கு டோக்கன் காலையில வெள்ளன போட்டா வெரசா முடியும், பத்து மணிக்கு மேல போனா மத்தியானம் ஆயிரும், பழைய ரிப்போர்ட்டு எல்லாம் கையோட கொண்டு போங்க. வயித்து ஸ்கேனுக்கு தனியா காசு வாங்கல. கார் பார்க்கிங் சின்னது, ரோட்டுல நிறுத்துனா போலீஸ்காரவிய பூட்டு போட்டுருதாவ, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து வாரவிய பேசாம செங்கோட்டை ட்ரெயின்ல வந்து ஜங்ஷன்ல எறங்கி ஆட்டோ புடிங்க. லிஃப்ட் ரெண்டு இருக்கு, ஒண்ணுதான் ஓடுது. கேன்டீன்ல சாம்பார் தண்ணி, காப்பி பரவால்ல, நோயாளிக்கு வேணும்னா ரசத்த தெளிவா வடிகட்டி தனியா தருவாவ, அதுக்கு அங்க வேல பாக்குற அக்காட்ட ஒரு மணி நேரம் முன்னாலயே சொல்லி வச்சிரணும்.